சிலந்திப் பட்டு விற்க வருகிறவர்களை எடைபோடுவது எப்படி

எங்கள் எம்.டி. ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் படிக்க மாட்டார். கோவையில் தொழிற்சாலைக் கையுறைகளும் தையல் நூலும் செய்கிற கம்பெனி எங்களுடையது. புது இழை எது சந்தைக்கு வந்தாலும், அதைச் செய்கிறவர்கள் யார், தாக்குப்பிடிப்பார்களா, இப்போதே பேச வேண்டுமா, ஐந்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. வாழைநார், மூங்கில், கார்பன் இழை எல்லாம் பார்த்தாயிற்று. என்னை அதிகம் அலைக்கழித்தது செயற்கைச் சிலந்திப் பட்டுதான். எட்டு வருஷத்தில் ஒரு டஜன் கம்பெனிகளுக்குத் தாள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் நாலு சொற்களில் ஒன்று இருக்கும்: மூடு, பார், கேள், வாங்கு.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. "அக்கா, இது கெவ்லாரைவிட பலமாமே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கெவ்லார் என்பது குண்டு துளைக்காத சட்டைகளில் போடுகிற செயற்கை இழை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலீடு செய்யப் போகிறவர்களுக்கும் இது ஓரளவு உதவலாம். ஆனால் நான் நூல் வாங்குகிறவள். பங்கு வாங்குகிறவள் அல்ல. என் கண்ணில் அந்தக் கோணல் இருக்கும்.

முதல் வரியைத் தாண்டிப் போங்கள்

எல்லோருடைய விளம்பரத் தாளிலும் 'எஃகைவிட ஐந்து மடங்கு பலம்' என்று முதல் வரி இருக்கும். அது பொய் இல்லை. 'எடைக்கு எடை' என்ற சொல்லை மட்டும் விட்டிருப்பார்கள். சிலந்தி தொங்கி இறங்குகிற இழையின் இழுவலிமை, அதாவது அறுவதற்குமுன் தாங்குகிற இழுப்பு, சுமார் 1.1 ஜிகாபாஸ்கல். உயர்ரக எஃகுக் கம்பி 1.5. ஒரே தடிமனில் இரண்டையும் இழுத்தால் எஃகுதான் ஜெயிக்கும். எஃகின் அடர்த்தி 7.8, சிலந்தி இழையின் அடர்த்தி 1.3. அதை வைத்து வகுத்த பிறகுதான் நாலரை, ஐந்து மடங்கு வரும். கெவ்லார் 3.6 ஜிகாபாஸ்கல். இழுவலிமையில் சிலந்தி அதன் பக்கத்தில்கூட வராது.

சிலந்தி ஜெயிக்கிற இடம் வேறு. அறுந்துபோவதற்குள் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஆட்கள் டஃப்னெஸ் என்றே சொல்வார்கள். ஒரு கன மீட்டருக்குச் சிலந்தி இழை சுமார் 160 மெகாஜூல் விழுங்கும். கெவ்லார் 50, எஃகு 6. ஏனென்றால் சிலந்தி இழை 27 சதவீதம் வரை நீண்ட பிறகே அறுகிறது, கெவ்லார் 2.7 சதவீதத்திலேயே அறுந்துவிடும். 'குண்டு துளைக்காத சட்டை' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதும் இதனால்தான். அவ்வளவு நீளுகிற துணி குண்டை நிறுத்தும், சரி. ஆனால் நிற்கும்போது குண்டும் துணியும் சேர்ந்து நெஞ்சுக்குள் இருக்கும்.

ஆகவே முதல் வேலை: அவர்கள் பேசுவது பலத்தையா, டஃப்னெஸ்ஸையா, எடைக்கு எடையா, தடிமனுக்குத் தடிமனா என்று பிரித்து எழுதுங்கள். அலகு மாறியிருந்தால் நீங்களே மாற்றிப் பாருங்கள். நூல்காரர்கள் டெனியருக்கு எத்தனை கிராம் தாங்கும் என்று சொல்வார்கள்; டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 1.3 அடர்த்தியுள்ள இழைக்கு, டெனியருக்கு 1 கிராம் என்றால் சுமார் 0.115 ஜிகாபாஸ்கல். ஒரு கம்பெனியின் முகப்பில் ஜிகாபாஸ்கல் கணக்கில் சிலந்தியின் எண் இருந்தது; உள்ளே நூலின் விவரத்தாளில் டெனியருக்கு 3.2 கிராம் என்று போட்டிருந்தார்கள். பெருக்கினால் 0.37 ஜிகாபாஸ்கல். சாதாரணப் பட்டு நூலே அந்த அளவுக்கு வரும். முகப்பில் இருந்தது சிலந்தியின் எண். உள்ளே இருந்தது அவர்கள் நூலின் எண்.

இன்னொன்று, பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம். ஒற்றை இழையை இழுத்துப் பார்ப்பது இப்படி: அஞ்சலட்டை மாதிரித் தாளில் சன்னல்போல ஒரு துளை வெட்டி, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இழையைக் குறுக்கே ஒட்டி, தாளை இயந்திரத்தின் தாடையில் மாட்டி, இரண்டு பக்கத்துத் தாளையும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு இழுப்போம். எத்தனை மில்லிநியூட்டனில் அறுந்தது என்று இயந்திரம் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் பலம் என்பது விசையை இழையின் குறுக்குப் பரப்பால் வகுப்பது. அந்தப் பரப்புக்கு நுண்ணோக்கியில் விட்டத்தை அளக்க வேண்டும். உண்மையில் 5 மைக்ரான் இருக்கிற இழையை 4.5 என்று அளந்துவிட்டால், பலம் 23 சதவீதம் கூடுதலாகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, குவியம் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். இழை உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் 'எத்தனை இழை இழுத்தீர்கள், விட்டத்தை எப்படி அளந்தீர்கள், சராசரியா, மிகச் சிறந்த ஒன்றா?' என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

எந்த வழியில் வருகிறார்கள்

சிலந்தியைப் பண்ணையில் வளர்க்க முடியாது. ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸ், நிக்கலஸ் காட்லி என்ற இருவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொற்சிலந்திகளைப் பிடித்து, இழை உருவி, திருப்பிக் காட்டில் விட்டு ஒரு பொன்னிற மேலங்கி செய்தார்கள். 2012-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அழகுதான். எனக்கு ஒரு டன் நூல் வேண்டும்.

ஆகவே எல்லோரும் சிலந்தியின் மரபணுவை வேறு ஓர் உயிரில் வைக்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் ராண்டி லூயிஸின் குழு தொங்கிழைப் புரதத்தின் மரபணுப் பகுதியைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து இந்தக் கதை ஓடுகிறது. எந்த உயிர் என்பதைப் பொறுத்து நான் கேட்கிற கேள்வி மாறும்.

ஆட்டுப் பால் வழி பிரபலமானது கனடாவின் நெக்ஸியாவால். பயோஸ்டீல் என்று பெயர் வைத்தார்கள். 2002-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களோடு சேர்ந்து சயன்ஸ் இதழில் அவர்கள் கட்டுரை வந்தபோது உலகமே ஆட்டைப் பற்றிப் பேசியது. கட்டுரையை எடுத்துப் படித்தால், இழை நூற்ற புரதம் ஆட்டுப் பாலிலிருந்து வரவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த மாட்டு மடிச் செல்களிலிருந்தும் வெள்ளெலியின் சிறுநீரகச் செல்களிலிருந்தும் வந்தது. ஆடு பின்னால் வருவதாக இருந்தது. பட்டு மட்டும் வணிகத்துக்கு வரவேயில்லை; ஆடுகள் லூயிஸிடம் போய்ச் சேர்ந்தன. புதிதாக வருகிற எவரையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்: செய்தியில் இருக்கிற மிருகம் கட்டுரையில் இருக்கிறதா?

பெயர்களிலும் கவனம் வேண்டும். பயோஸ்டீல் என்ற அதே பெயரைப் பிறகு ஜெர்மனியின் ஏ.எம்.சில்க் தன் இழைக்கு வைத்துக்கொண்டது. இரண்டு கம்பெனிக்கும் சம்பந்தம் கிடையாது. ஜப்பானில் ஒரு ஸ்பைபர் இருக்கிறது, சுவீடனில் ஒரு ஸ்பைபர் டெக்னாலஜிஸ் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் முதல் வாரமே சுவீடன்காரர்களின் ஆய்வு எண்ணை ஜப்பான்காரர்களின் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். நானும் ஒரு காலத்தில் செய்த தப்புதான்.

நுண்ணுயிர் வழியில் வருகிறவர்கள்தான் அதிகம். ஏ.எம்.சில்க் 2008-ல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்தது, தாமஸ் ஷைபலின் ஆராய்ச்சி, ஈ.கோலை பாக்டீரியாவில் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவின் போல்ட் த்ரெட்ஸ் 2009-ல் தொடங்கியது, ஈஸ்ட். ஜப்பானின் ஸ்பைபர் 2007-ல் யமகாட்டா மாகாணத்தின் சுருவோக்காவில், கெய்யோ பல்கலைக்கழக மாணவராக இருந்த கசுஹிதே செகியாமாவால். இவர்களிடம் இரண்டு கேள்வி: ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் புரதம்? எதில் கரைத்து நூற்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு 'ஹெக்சாஃப்ளூரோ ஐசோபுரோப்பனால்' என்று பதில் வந்தால், அது விலையும் அதிகம், ஆளுக்கும் ஆகாது. ஆய்வகத்தில் பரவாயில்லை, ஆலையில் தலைவலி. தண்ணீரில் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

பட்டுப்புழு வழி எனக்கு நெருக்கமானது. தருமபுரியில் அப்பா கூடு நூற்றவர். கொதிநீர் பேசினின் அந்த நாற்றத்தில்தான் நான் வளர்ந்தேன். இந்த வழியில் முக்கியமான பெயர் அமெரிக்காவின் கிரெய்க் பயோகிராஃப்ட். 2006-ல் தொடக்கம், வயோமிங், நோட்ரடேம் பல்கலைக்கழகங்களின் உரிமம், 2018-ல் வியட்நாமின் குவாங் நாம் பகுதியில் பட்டு வளர்ப்புக்கு அனுமதி. புழுவே நூற்றுத் தருவதால் கரைப்பானும் வேண்டாம், நூற்பு இயந்திரமும் வேண்டாம். நல்ல வழிதான். ஆனால் கேட்க வேண்டியது: இழையில் எத்தனை பங்கு சிலந்தி? 2012-ல் இந்த வழியில் வெளிவந்த ஆய்வில் சிலந்திப் பகுதி சில சதவீதம் மட்டுமே. மிச்சமெல்லாம் பட்டுப்புழுவின் சொந்தப் புரதம். அதற்கே இழை நன்றாகத் தேறியது என்பது வேறு விஷயம். அடுத்த கேள்வி, ரெண்டிட்டா எவ்வளவு? ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ கூடு என்பதுதான் ரெண்டிட்டா. அந்த எண் ஏழுக்கு மேல் போனால் அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். மரபணு மாற்றிய புழு நோஞ்சானாக இருந்து கூடு சின்னதாகக் கட்டினால், அந்த எண் எகிறும். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டபோது எதிர்முனையில் இருந்தவர், "நீங்கள் பட்டுக்காரரா?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சே வேறு மாதிரிப் போனது.

'அந்தப் புழுவை ஓசூரிலேயே வளர்க்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். மரபணு மாற்றிய உயிரை இங்கே வெளியில் வளர்க்க மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எம்.டி.க்குத் தாளில் ஒரு வரி போதும்.

கிலோமீட்டரைக் கிராமாக்குங்கள்

இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2017-ல் சுவீடனில் அன்னா ரைசிங், யான் யொகான்சன் குழு ஒரு புரதம் செய்தது. தண்ணீரில் நன்றாகக் கரையும், அமிலத்தன்மை கொஞ்சம் கூடிய தண்ணீருக்குள் விட்டால் இழையாகிவிடும். சிலந்தி தன் வயிற்றுக்குள் செய்வதைப்போலவே. விஞ்ஞானமாக எனக்கு மிகப் பிடித்த வேலை அது. செய்தியில் வந்தது, 'ஒரு லிட்டர் வளர்ப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் இழை'. கேட்டதும் வாய் பிளக்கத் தோன்றும். 12 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் இழையின் எடை 0.15 கிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நம்மூர் வெண்பட்டுக் கூடு ஒன்றிலேயே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருக்கிறது.

நுண்ணுயிர் வளர்க்கிற தொட்டிக்கும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 5 கிராம் புரதம், பிரித்துச் சுத்தம் செய்வதில் பாதி போய்விடும் என்றால், ஒரு முறைக்கு 250 கிலோ. வருஷத்துக்கு 60 முறை ஓட்டினால் 15 டன். இதில் எந்த எண்ணைக் கம்பெனி சொல்கிறதோ அதைப் போட்டு, சொல்லாததற்கு என் எண்ணைப் போட்டு, வருகிற டன்னை அவர்கள் விளம்பரத்தில் இருக்கிற டன்னோடு ஒப்பிடுவேன். பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் தாளில் சிவப்பு மை. ஸ்பைபர் தாய்லாந்தின் ராயோங்கில் கட்டிய ஆலைக்கு வருஷம் 500 டன் வரை என்று சொன்னது. இந்தத் துறையில் அது பெரிய எண். ஆனால் 2022-23-ல் இந்தியா உற்பத்தி செய்த கச்சாப் பட்டு 36,582 டன். இரண்டையும் பக்கத்தில் எழுதிவைத்தால்தான் 'பட்டுத் தொழிலே போச்சு' என்று பதறுகிறவர்கள் அமைதியாவார்கள்.

விலையையும் கிலோவில்தான் கேட்க வேண்டும். கச்சாப் பட்டு கிலோ நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. நைலான் சில நூறு. புது இழை இந்த இரண்டுக்கும் நடுவில் வருமா, பட்டுக்கும் மேலேயா? மேலே என்றால் அந்த விலைக்கு வாங்குகிற ஆள் யார் என்று அவர்கள் பெயர் சொல்ல வேண்டும். 'ஆடம்பரச் சந்தை' என்பது பெயர் இல்லை.

விற்ற எண்ணிக்கையும் பேசும். போல்ட் 2017-ல் கழுத்தில் கட்டும் டை விற்றது: 50 டை, ஒன்று 314 டாலர். ஸ்பைபர் த நார்த் ஃபேஸ் பெயரில் ஜப்பானியத் துணிக் கம்பெனியான கோல்ட்வின்னோடு சேர்ந்து மூன் பார்க்கா என்ற குளிர்ச்சட்டையைக் காட்டியது 2015-ல், விற்றது 2019-ல், 50 சட்டை, ஒன்று ஒன்றரை லட்சம் யென். அடிடாஸ் 2016-ல் ஏ.எம்.சில்க் இழையில் காட்டிய காலணியை நான் எந்தக் கடை அலமாரியிலும் பார்த்ததில்லை. ஐம்பது என்ற எண்ணுக்கு என்னிடம் தனி மரியாதை உண்டு: கைக்காசைப் போட்டாவது ஐம்பது செய்துவிடலாம், ஐயாயிரம் முடியாது. இன்றைக்குத் துணிக்கடையில் ஒரு சட்டை கிடைத்தால் கழுத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டுச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள். புது இழை எத்தனை சதவீதம், மிச்சம் பருத்தியா, கம்பளியா? விளம்பரம் எழுதுகிறவர் சொல்லாததைச் சட்டம் அந்தச் சீட்டில் சொல்ல வைத்திருக்கும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

இது என் சொந்த அனுபவம். கொஞ்சம் வெட்கக்கேடும்கூட.

சில வருஷத்துக்கு முன் வெளிநாட்டுப் புதுக் கம்பெனி ஒன்று நூல் சுற்றிய சிறிய கோன் ஒன்றை அனுப்பியது. அரைக் கிலோகூட இல்லை. தங்கம்போல மினுமினுப்பு. உலர்ந்த நிலையில் இழுத்துப் பார்த்தோம். எண்கள் அருமையாக வந்தன. நான் 'கேள்' என்று எழுதி எம்.டி.யிடம் கொடுத்தேன். அவர் உற்சாகத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் வாயை விட்டுவிட்டார். மாதிரிக்கு ஒரு சாக்ஸ் பின்னினோம். அழகாக வந்தது. மாதிரியை அனுப்பும் முன் ஒரு முறை அலசிக் காயப்போடுவது எங்கள் வழக்கம். அலசும் பையன் தொட்டியிலிருந்து எடுத்து, "அக்கா, இது யாருக்கு?" என்று கேட்டான். கைக்குழந்தைக்குப் போடலாம். அவ்வளவு சுருங்கியிருந்தது.

சிலந்தியின் தொங்கிழைக்கு இயல்பிலேயே அந்தக் குணம் உண்டு. தண்ணீர் பட்டால், பிடிமானம் இல்லாமல் விட்டால், பாதி நீளத்துக்குச் சுருங்கும். வலைக்கு அது நல்லது. பனி விழுந்து தொய்ந்த வலை தானே இறுகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். சாக்ஸுக்கு நல்லதில்லை. படித்த விஷயம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மினுமினுப்பைப் பார்த்து மறந்துபோனேன்.

அதிலிருந்து எந்தக் கோன் வந்தாலும் முதலில் செய்வது இது. 20 சென்டிமீட்டர் நூல் வெட்டி, இரண்டு முனையிலும் மையால் புள்ளி வைத்து, டம்ளர் தண்ணீரில் இரண்டு நிமிஷம் தளர்வாகப் போட்டு, எடுத்து, இழுக்காமல் கண்ணாடி மேல் வைத்து அளப்பேன். பிறகு காயவிட்டு மறுபடி அளப்பேன். அன்றைக்கு வந்த அந்தத் தங்கக் கோனின் நூல் 20-லிருந்து 13-க்கு வந்தது. இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே இயந்திரத்துக்குக் கொண்டுபோவேன். அப்புறம் ஈரமாகவே ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். புரத இழை ஈரத்தில் பலம் இழக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. பரிசோதனைக்கூடம் இல்லாதவர்களும் டம்ளர் வேலையைச் செய்யலாம். கோனே தர மாட்டேன் என்கிற கம்பெனிக்குத் தாளில் 'மூடு'.

ஸ்பைபரை இதில் பாராட்டியே ஆக வேண்டும். சிலந்தியைப் பார்த்துச் செய்த அவர்களின் முதல் இழைக்கும் இதே வியாதி. குளிர்ச்சட்டை 2015-க்கும் 2019-க்கும் நடுவில் நின்றதற்கு அது ஒரு காரணம். மழையில் சுருங்குகிற மேல்சட்டையை யார் வாங்குவார்? அவர்கள் அதை மறைக்கவில்லை. புரதத்தின் வரிசையையே மாற்றி எழுதி, சுருங்க வைக்கிற பகுதிகளைக் குறைத்தார்கள். இப்போது அதைச் சிலந்திப் பட்டு என்றே சொல்வதில்லை. 'ப்ரூட் புரோட்டீன்', அதாவது நொதிக்கவைத்துச் செய்த புரதம், என்று பெயர். தன் குறையைத் தானே சொல்கிற கம்பெனிக்கு என் தாளில் ஒரு மதிப்பெண் கூடுதல். ஆனால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிலந்தியை விட்டதோடு 'கெவ்லாரைவிட' என்ற பேச்சையும் விட்டார்கள். இப்போது அவர்கள் போட்டி போடுவது கம்பளியோடும் காஷ்மியர் ஆட்டு ரோமத்தோடும். ஃபேஷன் துணிக்கு அது பெரிய விஷயம். கையுறை செய்கிற எனக்கு அவர்கள் போட்டியும் இல்லை, விற்பனையாளரும் இல்லை.

காகிதங்கள்

அமெரிக்காவில் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி என்றால் நமக்கு அதிர்ஷ்டம். எட்கர் என்ற அரசுத் தளத்தில் வருடாந்திர அறிக்கை இலவசம். நான் மூன்று இடம்தான் பார்ப்பேன். கையில் ரொக்கம் எவ்வளவு. மூன்று மாதத்துக்கு எவ்வளவு செலவு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எத்தனை காலாண்டு தாங்கும் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, 'கோயிங் கன்சர்ன்' என்ற சொல். இன்னும் ஒரு வருஷம் கம்பெனி நடக்குமா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்பதை நாகரிகமாகச் சொல்வது அது. இருந்தால் உடனே 'மூடு' என்று அர்த்தமில்லை. சின்னக் கம்பெனிகளில் அடிக்கடி வரும். ஆனால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்புரிமையில் உரிமைகோரல் பகுதி வக்கீல்களுக்கு. நமக்கு 'எடுத்துக்காட்டு' என்ற பகுதி. எத்தனை லிட்டர் குடுவையில் செய்தார்கள் என்பதை அங்கேதான் உளறியிருப்பார்கள். காப்புரிமை விண்ணப்பம் 18 மாதம் கழித்தே வெளியே தெரியும். ஆகவே நீங்கள் படிப்பது ஒன்றரை வருஷப் பழசு. காலம் 20 வருஷம் என்பதால், அமெரிக்க வேதிப்பொருள் கம்பெனியான டுபாண்ட் 1990-களில் எழுதி வைத்தவை இன்று எல்லோருக்கும் சொந்தம். 'அடிப்படைக் காப்புரிமை எங்களிடம்' என்று யாராவது சொன்னால் தேதியைக் கேளுங்கள்.

வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களை நான் விடாமல் பார்ப்பேன். புரதச் சுத்திகரிப்புப் பொறியாளர், நூற்பாலை மேற்பார்வையாளர், கழிவுநீர் ஆள் என்று தேடினால் ஆலை நிஜமாகவே வருகிறது. 'பிராண்டு கதைசொல்லி' மட்டும் தேடினால், வரப்போவது அடுத்த முதலீட்டுச் சுற்று.

அப்புறம் தடம் மாறுவதைக் கவனியுங்கள். போல்ட் சிலந்திப் பட்டில் தொடங்கி, காளானிலிருந்து தோல் மாதிரி செய்யப் போய், அதை 2023-ல் நிறுத்திவைத்து, இப்போது பட்டுப் புரதத்தை அழகுசாதனப் பொருள்களுக்கு விற்கிறது. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. ஏ.எம்.சில்க் நேர் எதிர்: 2019-ல் அழகுசாதனப் பிரிவை ஜிவோடான் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு மற்றவற்றில் இறங்கியது. முகக் களிம்பு ஏன் எல்லோரையும் இழுக்கிறது என்றால், ஒரு பாட்டிலுக்குச் சில துளி போதும், நூற்க வேண்டாம், சுருங்கினால் யாருக்கும் தெரியாது. புத்திசாலித்தனமான தொழில். அந்தக் கம்பெனி செழிக்கலாம், பங்கு ஏறலாம். நூல் வாங்குகிற என் தாளில் அது 'மூடு'தான். போட்டியாளரை மதிப்பிடும்போது 'நல்ல கம்பெனியா' என்று கேட்டால் குழம்பிப்போவோம். 'என் மேஜைக்கு எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்' என்று கேட்க வேண்டும்.

புதிதாகத் தலைகாட்டுகிறவர்கள்

இப்போது நான் 'பார்' என்று வைத்திருப்பவர்களில் முதல் இடம் ஒரு கம்பெனிக்கே இல்லை, சீனாவின் டோங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு. 2023 செப்டம்பரில் மேட்டர் இதழில், மரபணுவை வெட்டி ஒட்டும் கிரிஸ்பர் முறையால் பட்டுப்புழுவில் முழுநீளச் சிலந்திப் புரதத்தை வரவழைத்ததாக எழுதினார்கள்: இழுவலிமை 1,299 மெகாபாஸ்கல் (சுமார் 1.3 ஜிகாபாஸ்கல்), டஃப்னெஸ் கன மீட்டருக்கு 319 மெகாஜூல். ஆய்வக எண்தான், மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் இதற்கும் உண்டு. ஆனால் அந்த நாட்டில் புழு வளர்ப்பவர்களும் கூடு நூற்பவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். தொட்டி கட்ட வேண்டாம். முட்டையை மாற்றினால் போதும். எம்.டி. இந்த ஒரு தாளைத்தான் இரண்டு தடவை படித்தார்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஸ்பின்டெக்ஸ் வேறு ரகம். புரதத்தைவிட நூற்கும் முறையில் அவர்கள் கவனம்: பட்டுக் கூழை அறை வெப்பத்தில் இழுத்தால் இழையாகிறது, கழிவாக வருவது தண்ணீர். யாருடைய புரதம் ஜெயித்தாலும் நூற்பு தேவை என்பதால், இப்படிப்பட்டவர்களை ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவர்களாகப் பார்க்காமல் செருப்பு விற்கிறவர்களாகப் பார்க்க வேண்டும். இஸ்ரேலின் சீவிக்ஸும் பட்டியலில் உண்டு. அவர்கள் முழு நூலாக அல்லாமல் மற்றப் பொருள்களில் கலக்கும் இழையாகத் தருகிறார்கள். அது எங்கள் தொழிலுக்குத் தூரம் என்பதால் ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டேன்.

தாளின் கடைசிப் பத்தியில் எப்போதும் பழையவர்களை எழுதுங்கள். கெவ்லாரை ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்தார். டுபாண்ட் மாதிரி ஒரு மலை பின்னால் இருந்தும் சந்தைக்கு வர ஆறேழு வருஷம் ஆயிற்று. நைலான், கெவ்லார், சாதாரணப் பட்டு மூன்றும் தினமும் விலை குறைக்கத் தயாராக நிற்கின்றன. புது இழைக்காரர் தன் போட்டியாளர் பட்டியலில் இன்னொரு புது இழைக்காரரை மட்டும் போட்டிருந்தால், அவர் இன்னும் ஒரு நூல் வாங்குபவரோடுகூடப் பேசவில்லை என்று அர்த்தம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனி இந்த வருஷம் டம்ளர், ஈர இழுப்பு, விலை எல்லாவற்றையும் தாண்டி வந்தது. 'வாங்கு' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று கேட்டேன்: ஐந்து வெவ்வேறு நாளில், ஐந்து வெவ்வேறு தொட்டியில் செய்த ஐந்து கோன் வேண்டும். பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இருபது வாரம் கழித்து மூன்று வந்தன. சன்னல் ஓரமாக வரிசையாக வைத்தேன். ஒன்று வெண்ணெய் நிறம், ஒன்று சாம்பல், ஒன்று லேசான பழுப்பு. எங்கள் பெண் மூன்றையும் பார்த்துவிட்டு டம்ளரில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் தாளில் 'கேள்' என்று எழுதினேன்.